யாருடைய தவறு? அபாயச் சரக்கு ரயில்களும் ஆட்குறைப்பும்

2024 பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை. ஜம்மு-காஷ்மீரின் கதுவா ரயில் நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சரக்கு ரயில் ஒன்று காலை ஏழு மணியளவில் தானாகவே நகரத் தொடங்கியது. என்ஜினில் ஓட்டுநர் இல்லை. உதவி ஓட்டுநர் இல்லை. பின்னால் கார்டும் இல்லை. பதான்கோட் நோக்கிச் சரியும் பாதையில் அது மெல்ல மெல்ல வேகம் பிடித்தது. நிலையம் நிலையமாகக் கடந்து, 70 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு ஓடியது. வழியிலிருந்த கடவுப் பாதைகளை அவசரமாக மூடினார்கள். எதிர்ப்பட வாய்ப்புள்ள ரயில்களை நிறுத்தினார்கள். இறுதியில் பஞ்சாபின் உஞ்சி பஸ்ஸி அருகே தண்டவாளத்தின்மீது மரக்கட்டைகளையும் மணல் மூட்டைகளையும் போட்டு அதை நிறுத்தினார்கள்.

அந்தக் காணொலியைப் பார்த்து நாடு சிரித்தது. ‘ஓட்டுநர் இல்லா ரயில் இந்தியாவுக்கு வந்துவிட்டது’ என்ற பாணியில் கேலிகள் பரவின. சிரிக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றே. அந்த ரயிலின் 53 வேகன்களிலும் இருந்தவை ஜல்லிக் கற்கள்.

டீசலோ பெட்ரோலோ இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை. நடந்தே விட்ட ஒன்று உண்டு.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லாக்-மெகாண்டிக் என்பது ஏரிக்கரையில் அமைந்த சிற்றூர். 2013 ஜூலை 5 இரவு, அவ்வூருக்கு மேட்டுப் பக்கமாக ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நான்ட் என்னுமிடத்தில், ஒரு சரக்கு ரயில் பிரதான தண்டவாளத்திலேயே நிறுத்தப்பட்டது. 72 டேங்கர் வேகன்கள்; அனைத்திலும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எடுக்கப்பட்ட கச்சா எண்ணெய். ஐந்து என்ஜின்கள் பூட்டிய அந்த ரயிலை ஓட்டி வந்தவர் ஒரே ஒருவர். ஒற்றை ஆளைக்கொண்டு ரயிலை இயக்க ‘மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக்’ என்னும் அந்தத் தனியார் நிறுவனம் 2012இல்தான் அரசிடம் ஒப்புதல் பெற்றிருந்தது.

அந்த ஓட்டுநர் ஏழு கைப்பிரேக்குகளை இறுக்கினார். காற்று பிரேக்குக்கு அழுத்தம் குறையாதிருக்க, முன் என்ஜினை ஓடவிட்டுவிட்டு வாடகைக் காரில் விடுதிக்குப் போனார். நள்ளிரவுக்குச் சற்று முன் அந்த என்ஜின் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் வந்து தீயை அணைத்து, முறைப்படி என்ஜினையும் நிறுத்தினார்கள். என்ஜின் நின்றதும் காற்றழுத்தம் சிறுகச் சிறுகக் குறைந்தது. ஏழு கைப்பிரேக்குகளால் மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்க இயலவில்லை. பின்னிரவு ஒரு மணியளவில் ரயில் சரிவில் உருண்டது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஊரின் நடுவே உள்ள வளைவில் தடம்புரண்டது. 63 டேங்கர்கள் கவிழ்ந்தன; ஏறத்தாழ 60 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. வாரக் கடைசி இரவு. இசை கேட்க ஓர் உணவகத்தில் கூடியிருந்தவர்கள், மாடி வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் என 47 பேர் மாண்டார்கள்.

ஓட்டுநர் மீது தவறே இல்லையா? இருந்தது. அந்தச் சரிவில் அந்த எடைக்குக் குறைந்தது 17 கைப்பிரேக்குகளாவது தேவைப்பட்டிருக்கும் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கிட்டது. இறுக்கிய பிரேக்குகள் தாங்குமா என்று அவர் செய்த சோதனையும் முறையானதன்று. தொழிலாளியின் பக்கம் நிற்பவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2014 ஆகஸ்டில் வெளியான அதே வாரியத்தின் அறிக்கை, விபத்துக்கான காரணங்களும் துணைக் காரணிகளுமாக மொத்தம் 18 எண்ணியிருந்தது. மற்ற பதினேழும் யாருடைய கணக்கில் சேரும்?

தீப்பற்றிய அந்த என்ஜின், எட்டு மாதங்களுக்கு முன் பழுதானது. முறையாகப் பழுதுபார்த்தால் நாளும் ஆகும், பணமும் ஆகும் என்பதால் எபாக்ஸி போன்ற ஒரு பசையை வைத்து ஒட்டி ஓடவிட்டார்கள். எளிதில் பற்றும் அந்த எண்ணெய், ஆவணங்களில் அபாயம் குறைந்த வகையாகக் காட்டப்பட்டிருந்தது. ஏற்றி வந்த டேங்கர்களின் உலோகச் சுவர் அத்தகைய திரவத்துக்குப் போதாது என்று பல ஆண்டுகளாக எச்சரிக்கை இருந்தது. நிறுவனத்தின் ‘பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு’ தாளில் 2002இலேயே பிறந்துவிட்டது. 2013 வரை அது சரிவர நடைமுறைக்கு வரவில்லை. அதைச் சோதிக்க வேண்டிய அரசுத் துறையோ, நிறுவனங்கள் தங்களைத் தாங்களே கண்காணித்துக்கொள்ளும் என்ற புதிய தத்துவத்தில் நிம்மதியாக இருந்தது. இத்தனைக்கும் கனடாவில் ரயில்வழிக் கச்சா எண்ணெய், 2009இல் ஏறத்தாழ 500 வேகன்களாக இருந்தது, 2013இல் 1,60,000 வேகன்களாகப் பெருகியிருந்தது. சரக்கு முந்நூறு மடங்கு பெருகிய அதே காலத்தில் ரயிலில் ஆள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தார்.

47 உயிர்களுக்காகக் குற்றவியல் அலட்சிய வழக்கில் கூண்டில் நின்ற தனிமனிதர்கள் மூவர்: ஓட்டுநர், ரயில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், அப்பகுதி இயக்க மேலாளர். 2018 ஜனவரியில் நடுவர் குழு மூவரையும் விடுவித்தது. தாங்கள் நாள்தோறும் கேட்கும் ரயிலோசையின் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அந்த வட்டாரத்துச் சாதாரண மக்கள் அமர்ந்திருந்த நடுவர் குழு புரிந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பெருமுதலாளி அந்தக் கூண்டில் ஏறவில்லை. விபத்துக்கான காப்பீடாக நிறுவனம் வைத்திருந்தது 2.5 கோடி கனடிய டாலர்; பேரழிவு நடந்த அடுத்த மாதமே அது திவால் பாதுகாப்பு கோரிற்று. எண்ணெயைத் துடைக்கவும் ஊரைக் கட்டவும் ஆன பெருஞ்செலவு மக்களின் வரிப்பணத்தின் தலையில் விழுந்தது.

விபத்து அறிக்கைகளில் ‘மனிதத் தவறு’ என்று ஒரு தொடர் வழங்கி வருகிறது. இலக்கணப்படி பார்த்தால் அதில் எழுவாய் இல்லை. எந்த மனிதர் என்று அது சொல்வதில்லை. ஆனால் படிப்பவர் அனைவருக்கும் தெரியும்: அந்த மனிதர் என்ஜினில் இருப்பவர், தண்டவாளத்தில் நடப்பவர், பாயின்ட்டை மாற்றுபவர். இரண்டு ஆள் செய்த வேலையை ஒருவர் செய்யட்டும் என்று குளிரூட்டிய அறையில் கையொப்பமிட்டவர் அந்தச் சொல்லின் பொருள் எல்லைக்குள் ஒருபோதும் வருவதில்லை.

அமெரிக்காவில் இதன் இன்னொரு வடிவத்தைக் காணலாம். 2023 பிப்ரவரி 3 இரவு, ஒஹையோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்தீன் என்னும் சிற்றூரில், நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் சரக்கு ரயில் தடம்புரண்டது. 38 வேகன்கள் கவிழ்ந்தன. அவற்றில் ஐந்தில், பிவிசி பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வினைல் குளோரைடு இருந்தது. மூன்று நாள் கழித்து, டேங்கர்கள் வெடித்துவிடும் என்று அஞ்சவைத்து, அந்த வேதிப்பொருளைப் பள்ளத்தில் வடித்து வேண்டுமென்றே கொளுத்தினார்கள். ஊரின்மீது கரும்புகை எழுந்து நின்றது. அப்படிக் கொளுத்தத் தேவையே இருக்கவில்லை என்று அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024இல் அறிவித்தது.

விபத்தின் மூலம் ஒரு சக்கர பேரிங். அது சூடேறிக்கொண்டே வந்ததைத் தண்டவாளத்தோரக் கருவிகள் மூன்று இடங்களில் பதிந்தன. சுற்றுப்புற வெப்பத்தைவிட முதலில் 21 டிகிரி செல்சியஸ் கூடுதல். அடுத்து 57 டிகிரி. கடைசியில் 141 டிகிரி. இரண்டாவது அளவு நிறுவனம் வகுத்த வரம்பைத் தொடவில்லை என்பதால் ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கை போகவில்லை. மூன்றாவது கருவி அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அது ஒலித்தபோது காலம் கடந்துவிட்டது. வரம்பு எவ்வளவு, கருவிக்குக் கருவி இடைவெளி எவ்வளவு என்பதை நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம். சட்டம் அதில் தலையிடவில்லை. அதே நிறுவனம் 2022இல், தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிப் பங்குதாரர்களை மகிழ்விக்க 1,000 கோடி டாலர் வரை செலவிடத் திட்டம் அறிவித்திருந்தது.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. முதலாளித்துவ ஏடுகள் அதை இந்த விபத்தோடு இணைத்துப் பேசுவது அரிது. அமெரிக்காவின் பெரும் ரயில் நிறுவனங்கள் ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ 45,000 தொழிலாளரை, அதாவது 29 விழுக்காட்டினரைக் குறைத்திருந்தன. இதைச் சொன்னவர் இடதுசாரி எவரும் அல்லர். அந்நாட்டின் தரைவழிப் போக்குவரத்து வாரியத்தின் தலைவர். இருந்தவர்களுக்கோ உடல்நலம் குன்றினால் அப்போது ஊதியத்துடன் விடுப்பு இருக்கவில்லை. 2022 இறுதியில் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானார்கள். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் கைகோத்து, வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றின. ஆண்டுக்கு ஏழு நாள் மருத்துவ விடுப்பு தரும் தீர்மானம் செனட்டில் தோற்றது. டிசம்பர் 2 அன்று ஜனாதிபதி பைடன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றிலிருந்து இரண்டு மாதமும் ஒரு நாளும் கழித்து ஈஸ்ட் பாலஸ்தீன் எரிந்தது. பேரிங்குக்கும் மருத்துவ விடுப்புக்கும் நேரடித் தொடர்பு காட்ட முடியாது என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ரயிலை நீளமாக்கு, ஆளைக் குறை, பரிசோதனைக்கான நேரத்தைச் சுருக்கு என்பதெல்லாம் ஒரே கொள்கையின் உறுப்புகள் என்பதை அந்தத் தொழிலாளர்கள் விபத்துக்கு முன்னரே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனி கதுவாவுக்குத் திரும்புவோம்.

முதற்கட்ட விசாரணையை மேற்கோள் காட்டி ஏடுகள் அப்போது எழுதியவற்றை நினைவுகூர வேண்டும். அந்த ரயிலை ஜம்முவுக்கு எடுத்துச் செல்லுமாறு கட்டுப்பாட்டு அறை ஓட்டுநரிடம் கூறியது. கார்டு இல்லை, பிரேக் வேனும் இல்லை என்று சொல்லி அவர் மறுத்தார். அப்படியானால் ரயிலை அங்கேயே விட்டுவிட்டு வேறு ரயிலில் திரும்பிவா என்று உத்தரவு வந்தது. என்ஜின் சாவியை நிலைய அதிகாரியிடம் கொடுத்துவிட்டு அவர் புறப்பட்டார். ரயில் உருண்டது. கைப்பிரேக்குகள் சரிவர இறுக்கப்படவில்லை, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்கப்படவில்லை என்பன குற்றச்சாட்டுகள். ஓட்டுநரும் நிலைய ஊழியர்களும் தண்டனைக்கு ஆளானார்கள். சரக்கு ரயிலுக்குக் கார்டு தேவையில்லை, கடைசி வேகனில் ஒரு மின்னணுக் கருவி பொருத்தினால் போதும் என்று பல ஆண்டுகளாகத் திட்டமிட்டுவரும் ரயில்வே வாரியத்தில் எவருக்கும் ஒரு குறிப்பாணையும் போகவில்லை. ஒதுக்குப்புறமான நிலையத்தில், சரிவுப் பாதையில் ஐம்பது வேகன்களுக்கு மேல் கொண்ட ரயிலை நிறுத்திப் பூட்ட எத்தனை கைகள் வேண்டும் என்பதை அந்தக் கருவி கணக்கிடாது; கைப்பிரேக்கை இறுக்கவும் இறுக்காது.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தின் ரங்காபாணி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. சரக்கு ரயிலின் ஓட்டுநர் இறந்துபோனார். அவர் உடல் வீடு சேரும் முன்பே, சிக்னலை மீறினார் என்று ரயில்வே வாரியத்தின் தலைமை அறிவித்தது. ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை வேறு கதை சொன்னது: அதிகாலையிலிருந்தே தானியங்கி சிக்னல்கள் பழுது, ரயில்களுக்குத் தரப்பட்ட எழுத்துப்பூர்வ அனுமதித் தாளில் வேக வரம்பு தெளிவாக இல்லை, ஊழியர்களுக்கு இது குறித்துப் போதிய பயிற்சி இல்லை, அன்று அதே தாளுடன் அப்பகுதியைக் கடந்த மற்ற ரயில்களும் பெரும்பாலும் அந்த வரம்பில் ஓடவில்லை. காத்திருந்த விபத்து என்றே ஆணையர் இதை வகைப்படுத்தினார். இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் ரயில்வே வாரியத்துக்கு இல்லை.

2025 ஜூலை 13 விடியற்காலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம்புரண்டு 18 டேங்கர்கள் எரிந்தன. சுற்றியிருந்த வீடுகளிலிருந்து மக்களையும் சமையல் எரிவாயு சிலிண்டர்களையும் வெளியேற்ற வேண்டியிருந்தது. உயிரிழப்பு இல்லை. எரியாத வேகன்களைக் கழற்றி அப்பால் இழுத்துச் சென்று தீ பரவாமல் தடுத்தவர்கள் ரயில்வே தொழிலாளர்களே. லாக்-மெகாண்டிக்கிலும் எரியாதிருந்த டேங்கர்களைத் தீயிலிருந்து விலக்கி இழுக்க ஓடிச்சென்று உதவியவர், பின்னர் கூண்டில் ஏற்றப்பட்ட அதே ஓட்டுநர்தான்.

இந்திய ரயில்வே ஆண்டுக்கு 160 கோடி டன்னுக்கும் மேல் சரக்கு ஏற்றுகிறது. அதில் பெட்ரோலியப் பொருள்கள் மட்டும் ஏறத்தாழ 5 கோடி டன். சமையல் எரிவாயு, அம்மோனியா, அமிலங்கள் தனி. பெரும்பாலும் பயணிகள் ரயில்கள் ஓடும் அதே தண்டவாளங்களில், குடியிருப்புகளின் கொல்லைப்புறமாகவே இவை செல்கின்றன. அபாயப் பொருள்களை எப்படிக் கட்டுவது, எப்படி ஏற்றுவது, எதனோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதற்கு ‘ரெட் டாரிஃப்’ என்னும் விதித் தொகுப்பு நீண்ட காலமாக இருக்கிறது. குறை விதியில் இல்லை என்று சொல்லிவிடலாம். விதியை நிறைவேற்றும் ஆள் எங்கே?

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ரயில்வே தந்த விவரப்படி, 2024 மார்ச் 1 அன்று 70,093 லோகோ பைலட் பணியிடங்களில் 14,429 காலி. உதவி லோகோ பைலட்டுகளில் 57,551க்கு 4,337 காலி. கஞ்சன்ஜங்கா விபத்துக்கு அடுத்த நாள்களில், 5,696 என்று அறிவித்திருந்த உதவி லோகோ பைலட் தேர்வை ஒரே தாவலாக 18,799 என்று உயர்த்தினார்கள். தேவை 18,799 என்றால், அதுவரை ஏன் 5,696 போதும் என்று இருந்தார்கள்? பத்துப் பேர் சாக வேண்டியிருந்தது, கணக்கைத் திருத்த.

ஆள் குறைந்தால் வேலை நேரம் நீளும். சரக்கு ரயில் ஓட்டுநர் 12 மணி நேரத்தைத் தாண்டி என்ஜினில் இருப்பது அன்றாட நிகழ்வு என்று ஓட்டுநர் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. தொடர்ந்து நான்கு இரவுகள் வரை பணிக்கு அழைக்கிறார்கள். இரண்டுக்கு மேல் கூடாது என்பது தொழிலாளர் கோரிக்கை. 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள், 16 மணி நேரத் தலைமையிட ஓய்வோடு 30 மணி நேர வார ஓய்வையும் சேர்த்துத் தாங்களே எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் குற்றப்பத்திரிகைகளும் இடமாற்றங்களும் கிடைத்தன. 2025 பிப்ரவரியில் அகில இந்திய லோகோ ரன்னிங் ஊழியர் சங்கம் நாடெங்கும் 36 மணி நேர உண்ணாநோன்பு இருந்தது. உறங்கவிடுங்கள் என்று கேட்க, உண்ணாமலிருந்து வண்டியோட்ட வேண்டியிருக்கிறது.

வேகனின் நிலை என்ன? சில வகை ரேக்குகளுக்கு, ஒருமுறை தீவிரப் பரிசோதனை முடித்துப் பிரேக் பவர் சான்றிதழ் கொடுத்துவிட்டால், 7,500 கிலோமீட்டர் வரை அந்தச் சான்று செல்லும் என்ற முறை வந்துவிட்டது. தண்டவாளத்தின் நிலை என்ன? இந்தியத் தணிக்கை அதிகாரி 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் அதைச் சொன்னார். 2017-18 முதல் 2020-21 வரை நடந்த பெரும் விபத்துகள் 217. அவற்றில் 163 தடம்புரள்வுகள். பாதுகாப்புக்கென்றே தொடங்கிய ‘ராஷ்ட்ரீய ரயில் சன்ரக்ஷா கோஷ்’ நிதியில், ரயில்வே தன் சொந்த வருவாயிலிருந்து நான்கு ஆண்டுகளில் போட வேண்டிய 20,000 கோடி ரூபாயில் 15,775 கோடியைப் போடவே இல்லை. போட்டதிலும் கால் பிடித்துவிடும் கருவி வாங்கிய கணக்கு இருந்தது. அதிகாரிகளின் கால்கள் போலும். நாளெல்லாம் தண்டவாளத்தில் நடக்கும் டிராக்மேனின் கால்களுக்கு அது வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்டால் அமைச்சரிடம் ஒரே விடை: கவச். கவச் வேண்டும், விரைந்தும் வேண்டும். ஆனால் சிவப்பு சிக்னலைத் தாண்டுவதையும் ரயில்கள் மோதுவதையும் தடுக்கவே அது வடிவமைக்கப்பட்டது. விரிசல் விட்ட தண்டவாளத்தை, கொதிக்கும் பேரிங்கை, ஒழுகும் டேங்கர் வால்வை அது அறியாது. அவற்றைக் காணப் பாதையோர வெப்ப உணர்கருவிகளும், ரயில் நிற்கும் இடத்தில் விளக்கோடு நடந்து பார்க்கும் கேரேஜ் பிரிவு ஊழியரும் வேண்டும். இதற்கிடையே 2025 ஆகஸ்டில் 354 வேகன்கள், நாலரைக் கிலோமீட்டர் நீளம் என்று ‘ருத்ராஸ்திரா’ ரயிலை ஓட்டிக்காட்டி அரசு பெருமை கொண்டாடியது. ஈஸ்ட் பாலஸ்தீனில் கவிழ்ந்த ரயிலின் நீளம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர்.

கனடாவில் 47 பேர் இறந்த பிறகு, அபாயச் சரக்கு ரயிலில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்ற ஆணை அதே மாதத்தில் வந்தது. தங்கள் ஊர் வழியே செல்லும் அபாயப் பொருள்களின் விவரத்தை நகராட்சிகளுக்குத் தர வேண்டும் என்ற ஆணை நவம்பரில் வந்தது. அமெரிக்காவில் இருவர் விதி 2024 ஏப்ரலில் வந்தது. எல்லாம் எரிந்த பின் வந்தவை. நம் நாட்டில் எரிவதற்கு முன்பே சொல்லிவைத்தவர்கள் உண்டு. அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைக் குழு 2012இலேயே, ரயில்வே வாரியத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே, சட்டப்பூர்வ அதிகாரம் கொண்ட ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ஒன்றை அமைக்கச் சொன்னது. ரயிலை ஓட்டுபவரே ரயிலின் பாதுகாப்புக்கு நீதிபதியாகவும் இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். மூன்று ஆட்சிக் காலங்கள் கடந்தும் அந்த ஆணையம் பிறக்கவில்லை. காங்கிரஸ் அரசு கிடப்பில் போட்டது. பாஜக அரசு கிடப்பையே மறந்துவிட்டது.

காலிப் பணியிடங்களை நிரப்புவதும், சரக்கு ரயில் ஓட்டுநருக்கு எட்டு மணி நேரப் பணியும், கார்டையும் பிரேக் வேனையும் ஒழிக்கும் திட்டத்தைக் கைவிடுவதும், ககோட்கர் பரிந்துரைத்த ஆணையமும் நாடாளுமன்றத்திலும் தொழிற்சங்க மேடையிலும் போராடிப் பெற வேண்டியவை. எண்ணெய்க் கிடங்கும் உர ஆலையும் ரயில் சைடிங்கும் உள்ள ஊர்களின் கிளைகளுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் இரசாயன விபத்துகள் குறித்த விதிகளின்படி, ஆட்சியர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. அந்தக் குழு நம் மாவட்டத்தில் இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, தொழிற்சங்க இடத்தில் யார் அமர்ந்திருக்கிறார், ஊர் வழியே எந்தெந்தப் பொருள் எந்த நேரத்தில் ரயிலில் போகிறது, உள்ளூர் தீயணைப்பு நிலையத்துக்கு அது தெரியுமா, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை அங்கே எத்தனை லிட்டர் இருக்கிறது என்று ஆட்சியரிடம் எழுத்தில் கேளுங்கள். விடையையும் எழுத்திலேயே வாங்குங்கள்.